ஃபெம்டோ செகண்ட் லேசரில் நுண்பொருள் செதுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்கள் ஓர் ஆய்வகத்தில் இந்த லேசரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று யாராவது கேட்டு, நான் "லேசர்" என்று வாயெடுத்தால், "கோயில் திருவிழாவில் வானத்தில் அடிக்கிறார்களே, அதுவா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அது இல்லை. அதற்குப் பிறகு வழக்கமாக வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபெம்டோ செகண்ட் என்றால் எவ்வளவு நேரம்?

ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. இப்படிச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது, எனக்கும் சேர்த்து. வேறு மாதிரி பார்ப்போம். ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 100 ஃபெம்டோ செகண்டில் அதே ஒளி தாண்டுவது 30 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பாதி. இந்த லேசர் தொடர்ந்து எரியும் விளக்கு போன்றதல்ல. விட்டு விட்டுத் துடிப்புகளாக வரும். பொருள்களைச் செதுக்கப் பயன்படும் துடிப்புகள் சில பத்து ஃபெம்டோ செகண்டில் தொடங்கிச் சில பிக்கோ செகண்ட் வரை நீளும். பிக்கோ என்பது ஆயிரம் ஃபெம்டோ.

பெயருக்கு ஒரு சின்னக் கதை உண்டு. டேனிஷ், நார்வீஜிய மொழிகளில் "ஃபெம்டென்" என்றால் பதினைந்து. 1-க்கு முன்னால் பதினைந்து தசம இடம் தள்ளிப் போவதால் அந்தப் பெயர்.

இரும்பு வெட்டும் லேசர் ஏற்கெனவே பட்டறைகளில் இருக்கிறதே. இது எதற்கு?

பட்டறை லேசர் சூட்டால் வெட்டுகிறது. உலோகத்தை உருக்கி, உருகியதைக் காற்றால் ஊதித் தள்ளுகிறது. தகரமோ கேட்டோ வெட்ட அது போதும். வெட்டிய ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உருகி உறைந்த பிசிறு, கறுத்த விளிம்பு, பக்கத்தில் நிறம் மாறிய பட்டை எல்லாம் தெரியும். வேலை மில்லிமீட்டர் அளவில் இருக்கும்வரை அதை யாரும் கண்டுகொள்வதில்லை. மைக்ரான் அளவுக்கு இறங்கினால் அந்தப் பிசிறே பொருளைவிடப் பெரிதாகிவிடும்.

ஒளி ஒரு பொருளின் மேல் விழுந்தால் முதலில் அதை வாங்கிக்கொள்வது எலக்ட்ரான்கள்தான். அவை வாங்கிய ஆற்றலை அணுக்களுக்குக் கைமாற்றி, பொருள் "சூடாக" ஆவதற்குச் சில பிக்கோ செகண்ட் பிடிக்கும். நம் துடிப்பு அதற்கு முன்னாலேயே வந்து முடிந்துவிடுகிறது. ஆற்றல் முழுவதும் விழுந்த இடத்திலேயே தேங்கி நிற்கிறது, அந்த இடத்துப் பொருள் அப்படியே ஆவியும் பிளாஸ்மா என்ற மின்னூட்ட வாயுவுமாகக் கிளம்பிப் போய்விடுகிறது. சேதி தெருவுக்குள் பரவுவதற்குள் ஆள் ஊரைவிட்டே போய்விட்ட கதை. பக்கத்து வீட்டுக்கு, அதாவது பக்கத்து அணுக்களுக்கு, ஒன்றுமே தெரியாது.

இதைக் "குளிர் வெட்டு" என்பார்கள். அந்தச் சொல்லை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். துடிப்புகளை அடுத்தடுத்து மிக வேகமாக விட்டால் மிச்சம் மீதிச் சூடு சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் குளிர் வெட்டும் பிசிறடிக்கும்.

அப்படியானால் பயங்கரப் பவர் உள்ள லேசரா?

உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஒரு துடிப்பில் இருப்பது ஒரு மைக்ரோஜூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொசுவை நாலைந்து சென்டிமீட்டர் மேலே தூக்க அவ்வளவுதான் செலவாகும். அதையே 100 ஃபெம்டோ செகண்டுக்குள் கொட்டிவிட்டால், அந்தக் கணத்தில் மட்டும் அதன் திறன் 1 கோடி வாட். 2 மெகாவாட் காற்றாலைகள் ஐந்து முழு மூச்சில் சுற்றினால் வருவது அது. அதைப் பிறகு லென்ஸ் வைத்து ஒரு மைக்ரான் புள்ளிக்குள் குவிக்கிறோம். எந்தப் பொருளாலும் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. கண்ணாடி, வைரம், பற்சிப்பி என்று எதைக் கொடுத்தாலும் செதுக்கும்.

ஆனால் மின்சார பில் காற்றாலைக் கணக்கில் வராது. அடுத்த துடிப்பு வரும்வரை லேசர் சும்மாதானே இருக்கிறது.

அவ்வளவு செறிவான ஒளி முதலில் லேசர் கருவியைத்தானே உடைக்க வேண்டும்?

சரியான கேள்வி. உடைத்துக்கொண்டுதான் இருந்தது. 1980-களின் நடுப்பகுதி வரை இந்தத் துறை முட்டி நின்ற சுவர் இதுதான். குட்டித் துடிப்பைப் பெருக்கப் போனால் பெருக்கும் படிகமே சேதமாகும்.

1985-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார்டு முரூவும் அவருடைய மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வாசலில் நெருக்கினால் கதவு பிய்ந்துவிடும். வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருவராக உள்ளே விட்டு, பிரசாதம் கொடுத்து, வெளிப் பிராகாரத்தில் மறுபடி கூட்டமாகச் சேரவிட்டால் கதவு பிழைக்கும். அவர்கள் துடிப்பை 1.4 கிலோமீட்டர் ஒளியிழைக்குள் அனுப்பி, அதன் நிறங்கள் முன்னும் பின்னுமாகப் பிரிந்து நீளும்படி செய்தார்கள். நீண்ட துடிப்பு செறிவு குறைந்தது என்பதால் அதைப் பயமில்லாமல் பெருக்கலாம். பெருக்கியபின் நிறங்களைத் தனித்தனியே திருப்பும் ஒரு ஜோடி ஒளிக்கீற்றுத் தகடுகளால் பழையபடி சுருக்கிக்கொள்ளலாம். 2018-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. பரிசின் மறுபாதி, வேறொரு லேசர் வேலைக்காக, ஆர்தர் ஆஷ்கினுக்கு. இயற்பியல் நோபல் பெற்ற மூன்றாவது பெண் ஸ்ட்ரிக்லண்ட்.

கண்ணாடியின் மேற்பரப்பைத் தொடாமல் உள்ளே மட்டும் எழுத முடியுமாமே. எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று உங்களுடையது, இன்னொன்று வங்கியுடையது. ஒற்றைச் சாவியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திருகினாலும் திறக்காது. கண்ணாடியும் அப்படித்தான். நம் லேசரின் அகச்சிவப்பு ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்றுக்குக் கண்ணாடியிலுள்ள எலக்ட்ரானைக் கிளப்பும் தெம்பு கிடையாது, அதனால் பேசாமல் ஊடுருவிப் போய்விடும். நாலைந்து ஃபோட்டான்கள் ஒரே எலக்ட்ரானை ஒரே கணத்தில் பிடித்தால்தான் அது நகரும்.

அப்படி ஒரே கணத்தில் சேர்ந்து பிடிப்பது ஒளி நெரிசலாக இருக்கும் இடத்தில் மட்டுமே நடக்கும். அதாவது லென்ஸின் குவியத்தில். குவியத்துக்கு மேலும் கீழும் அதே ஒளிதான் போகிறது, ஆனால் நெரிசல் இல்லை. இரண்டு ஃபோட்டான் வேலையில் செறிவைப் பாதியாக்கினால் விளைவு கால்வாசியாகிவிடும். நாலு ஃபோட்டான் என்றால் பதினாறில் ஒரு பங்கு. எனவே பேனா முனை குவியப் புள்ளியைவிடவும் கூர்மையாகிறது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய கோடுகளை இழுக்க முடிவது இதனால்தான்.

இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து உறிஞ்சப்படலாம் என்று இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயர் 1931-லேயே தன் முனைவர் ஆய்வில் எழுதிவிட்டார். அதைச் செய்து காட்ட லேசர் பிறக்க வேண்டியிருந்தது. முப்பது வருடக் காத்திருப்பு.

ரத்த அணு அளவுக்கு ஒரு காளை மாடு செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2001-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் சதோஷி கவாட்டாவின் குழு செய்தது. லேசர் குவியும் இடத்தில் மட்டும் கெட்டியாக உறையும் திரவப் பிசினில் அதைக் கட்டினார்கள். நீளம் 10 மைக்ரான், உயரம் 7 மைக்ரான். கொம்பும் வாலும் வளைந்த முதுகும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் தெளிவாகத் தெரியும். 780 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கொண்டு 120 நானோமீட்டர் நுணுக்கத்தை எட்டியிருந்தார்கள். ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்.

அந்தக் கட்டுரையில் மாட்டைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்னச் சாமர்த்தியம். மாட்டின் உடம்பு முழுவதையும் புள்ளி புள்ளியாகக் கட்டினால் 180 நிமிடம். தோலை மட்டும் லேசரில் வரைந்துவிட்டு, உள்ளே இருக்கும் பிசினைப் பாதரச விளக்கொளியில் ஒரேயடியாக உறைய வைத்தால், லேசர் வேலைக்கு 13 நிமிடம். இன்றைக்கும் பெரிய உருவங்களை ஓடு மட்டும் வரைந்து, உள்ளே பிறகு உறைய வைக்கும் பழக்கம் இருக்கிறது.

நேரில் பார்த்தால் எப்படி இருக்கும்?

ஏமாற்றமாக இருக்கும். மைக்ராஸ்கோப் மூடிக் கண்ணாடியின் மேல் தேன் நிறத்தில் ஒரு சொட்டுப் பிசின். அதைக் கடிகார முள் அசைவது போல நகர்த்தும் ஒரு மேடை, அடியில் லென்ஸ். திரையில் சாம்பல் நிறப் பின்னணி. லேசர் ஓடத் தொடங்கியதும் அந்தச் சாம்பலுக்குள் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும், ஈரக் கண்ணாடியில் விரலால் எழுதியதைப் போல. உறைந்த பிசினும் உறையாத பிசினும் ஒளியைக் கொஞ்சம் வித்தியாசமாக வளைப்பதால்தான் அதுவாவது தெரிகிறது. சில சமயம் திடீரென்று ஒரு கறுப்புக் குமிழி கிளம்பும். பவர் அதிகமாகிப் பிசின் கொதித்துவிட்டது என்று பொருள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எழுதி முடித்ததும் உறையாத பிசினைக் கரைப்பானில் கழுவுவோம். என்னுடைய முதல் நாலு மாதிரிகள் இங்கேதான் போயின. எழுதியது நன்றாக எழுதியிருந்தது, கழுவி எடுத்துக் காயவிட்டால் ஒன்றையும் காணோம். திரவம் உலரும்போது அதன் பரப்பு இழுவிசை, மெல்லிய தூண்களை ஒன்றோடொன்று சாய்த்து ஒட்டவைத்துவிடும். குளித்துவிட்டு வந்தால் தலைமுடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கிறதே, அதே விசைதான். திரவமா வாயுவா என்று பிரிக்க முடியாத மீமாறுநிலையில் கரியமில வாயுவுக்குப் பரப்பு இழுவிசையே இல்லை, அதில் உலர்த்துவது இதற்கு ஒரு வழி. அது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

உலோகம் செதுக்குவது வேறு அனுபவம். நொடிக்கு ஆயிரம் துடிப்பு விட்டால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு குட்டி வெடிப்பு என்பதால் காதருகே கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். குவியம் சரியாக இருந்தால் சத்தம் கூர்மையாகும், விலகினால் மழுங்கும். பழகியவர்கள் காதாலேயே குவியம் பிடிப்பார்கள்.

இதுவும் 3டி பிரின்டிங்தானே?

பிசினில் செய்யும்போது ஆமாம். ஒரே ஒரு வித்தியாசம், அடுக்கடுக்காகத்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிசினின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் தொடங்கலாம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு 2016-இல் ஒளியிழையின் நுனியிலேயே மூன்று லென்ஸ் கொண்ட ஒரு தொகுப்பை இப்படி அச்சிட்டுக் காட்டியது. அகலம் ஏறக்குறைய 100 மைக்ரான். ஊசி வழியாக உடலுக்குள் விடக்கூடிய கேமராவுக்கு இது வழி.

கண் ஆஸ்பத்திரி விளம்பரங்களில் "பிளேடு இல்லாத லேசிக்" என்கிறார்களே, அதுவும் இதுவா?

இதேதான். பலரும் தங்களுக்குத் தெரியாமலே ஃபெம்டோ செகண்ட் லேசரைச் சந்தித்திருப்பது கண் ஆஸ்பத்திரியில்தான்.

அது ஒரு விபத்தில் தொடங்கியது. 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முரூவின் ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறுதலாக லேசர் பட்டுவிட்டது. பரிசோதித்தவர் ரான் குர்ட்ஸ் என்ற இளம் கண் மருத்துவர். வழக்கமான லேசர் காயத்தில் சுற்றிலும் வெந்த தழும்பு இருக்கும். இங்கோ விழித்திரையில் அச்சுக் குத்தியது போலத் துல்லியமான புள்ளிகள். இது என்ன லேசர் என்று விசாரித்துக்கொண்டு அவரே ஆய்வகத்துக்குப் போனார். அங்கே இயற்பியலாளர் டைபர் யூஹாஸோடு சேர்ந்து வேலை செய்து, 1997-இல் இருவரும் இன்ட்ராலேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

கண்ணாடி போடும் தேவையைக் குறைக்கும் லேசிக் அறுவையில் இந்த லேசரின் வேலை என்ன என்பதில் குழப்பம் நிறைய. கருவிழியின் மேலிருந்து ஏறக்குறைய 100 மைக்ரான் ஆழத்தில், ஒரே தளத்தில், நெருக்கமாகக் குட்டிக் குட்டிக் குமிழிகளை அது உண்டாக்கும். தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. மருத்துவர் அந்தத் தளத்தில் மெல்லிய மூடியைத் தூக்குவார். பவரைச் சரிசெய்யும் உண்மையான செதுக்கலை அதன்பிறகு எக்ஸைமர் என்ற வேறொரு லேசர், 193 நானோமீட்டர் புறஊதா ஒளியில், செய்யும். ஸ்மைல் என்ற முறையில் மட்டும் முழு வேலையும் ஃபெம்டோ லேசருடையது. கருவிழிக்குள் ஒரு வில்லை வடிவத்தை வெட்டிவிட்டு, சில மில்லிமீட்டர் கீறல் வழியாக அதை உருவி எடுத்துவிடுவார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கருவிழியின் பருமனை அளந்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

வேறு எங்கே உண்மையில் பயன்படுகிறது?

செய்தியில் வருவது காளை மாடு. காசு பார்ப்பதெல்லாம் வேறு இடத்தில், யாரும் எழுதாத இடத்தில்.

இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட் ஒன்று. ஒரு குட்டிக் குழாயை வலை வடிவில் வெட்டுகிறார்கள், கம்பியின் அகலம் ஏறக்குறைய 100 மைக்ரான். பழைய லேசரில் வெட்டினால் பிசிறைத் தட்டி, அமிலத்தில் கழுவி, மெருகேற்ற வேண்டும். உடம்பிலேயே கரைந்துபோகும் பாலிமர் ஸ்டென்ட் என்றால் இன்னும் கஷ்டம், சூடு பட்டாலே இளகிவிடும். அங்கே இந்த லேசர் கைகொடுக்கிறது.

இன்னொன்று கார் எஞ்சினில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். அதன் நுனித் துளைகளின் விளிம்பு எவ்வளவு சுத்தமோ, தெளிப்பு அவ்வளவு சீர், புகையும் குறைவு. ஜெர்மனியின் போஷ், ட்ரம்ஃப் (TRUMPF) நிறுவனங்களும் யேனா பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த லேசரைத் தொழிற்சாலைத் தளத்துக்குக் கொண்டுவந்ததற்காக 2013-இல் ஜெர்மன் குடியரசுத் தலைவரின் எதிர்காலப் பரிசு கிடைத்தது. அப்புறம் உங்கள் கையிலிருக்கும் போன். கேமராவை மூடும் கண்ணாடி, மடங்கும் திரையின் மெல்லிய படலம் போன்றவற்றை விரிசல் விழாமல் வெட்ட இதைப் பயன்படுத்துகிறார்கள்.

கண்ணாடிக்குள் ஒளிக்கான வாய்க்கால் எழுதுவதும் உண்டு. 1996-இல் ஜப்பானில் ஹிராவோவின் குழு முதலில் செய்து காட்டியது. லேசர் பட்ட கோட்டில் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, ஒரு துளி கூடும், அந்தக் கோட்டிலேயே ஒளி அடங்கி ஓடும்.

உலோகத்தைத் தாமரை இலையாக மாற்றலாமா?

தண்ணீர் ஒட்டாத வகையில் மாற்றலாம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கு மெழுகு மட்டும் காரணமல்ல, மைக்ரான் மேடுகளும் அவற்றின் மேல் இன்னும் சிறிய நெருடல்களும்தான் காரணம். இந்த லேசரை உலோகத்தின் மேல் ஓட்டினால் அதே மாதிரி இரண்டடுக்குச் சொரசொரப்பு வரும். ரோசெஸ்டரில் சுன்லெய் குவோவின் குழு 2015-இல் பிளாட்டினம், டைட்டானியம், பித்தளையில் செய்து காட்டியது. சொட்டு விழுந்து பந்து போல எகிறும். ஆனால் ஓர் அங்குலச் சதுரத்துக்கு அப்போது ஒரு மணி நேரம் பிடித்தது. தோசைக்கல்லுக்கு இப்போதைக்கு ஆசைப்படாதீர்கள்.

கண்ணாடியில் தகவல் சேமிப்பது?

நடக்கிறது. குவார்ட்ஸ் கண்ணாடிக்குள் சரியான துடிப்பைச் செலுத்தினால், நானோ அளவில் கோடு கோடாக ஒரு வரிவடிவம் தானாக உருவாகும். வரிகள் எந்தத் திசையில் நிற்கின்றன, ஒளியை எவ்வளவு பிரிக்கின்றன என்ற இரண்டும் தகவல். நீளம், அகலம், ஆழம் சேர்த்தால் ஐந்து பரிமாணம். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கசான்ஸ்கியின் குழு இதை 2013-இல் காட்டியது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் 75 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் பருமனும் கொண்ட கண்ணாடித் தகட்டில் ஒரு முழு ஹாலிவுட் படத்தை எழுதியது, 75.6 ஜிகாபைட். தண்ணீரில் வேகவைத்தார்கள், அடுப்பில் சுட்டார்கள், படம் அப்படியே இருந்தது. ஓலைச்சுவடிக்குக் கரையான் பயம், ஹார்ட் டிஸ்குக்கு ஆயுள் பயம். இதற்குக் கீழே போட்டு உடைக்கும் பயம் மட்டும்தான். ஒரு தடவை எழுதியதை அழித்து எழுத முடியாது, எனவே இது ஆவணக் காப்பகத்துக்கான சரக்கு.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் எங்கும் காணோம்?

மெதுவாக இருப்பதால். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிசினில் ஒரு புள்ளியின் அளவு 0.2 × 0.2 × 0.5 மைக்ரான் என்று கொள்வோம். ஒரு கன மில்லிமீட்டரை, ஒரு சர்க்கரைத் துகள் அளவுதான், நிரப்ப 5,000 கோடிப் புள்ளிகள் வேண்டும். நொடிக்குப் பத்து லட்சம் புள்ளி போட்டாலும் ஏறக்குறைய 14 மணி நேரம். ஒளிக்கற்றையைப் பலவாகப் பிரித்து ஒரே சமயத்தில் எழுதுவது, வேகமான கண்ணாடிகளால் கற்றையைத் திருப்புவது என்று வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. விலையும் சாதாரணப் பட்டறைக்கு இன்னும் எட்டாத உயரம்.

கம்ப்யூட்டர் சிப் செய்ய உதவுமா?

டிரான்சிஸ்டர்களைப் பதிக்க உதவாது. அங்கே ஒரே வெளிச்சத்தில் கோடிக்கணக்கான வடிவங்கள் விழ வேண்டும், அதற்கு 13.5 நானோமீட்டர் புறஊதா ஒளி இருக்கிறது.

இன்னும் குட்டியாக, அட்டோ செகண்ட் லேசரால் வெட்டினால் இன்னும் நன்றாக வெட்டுமா?

அட்டோ என்பது ஃபெம்டோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துடிப்புகளுக்குக் கிடைத்த 2023 இயற்பியல் நோபலுக்குப் பிறகு வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். அட்டோ செகண்ட் துடிப்புகள் எலக்ட்ரானின் அசைவைப் படம்பிடிக்க. அவற்றில் ஆற்றல் மிகக் குறைவு, வெட்டுவதற்கு ஆகாது. அதுவும் போக, சூடு பரவும் முன் முடித்துவிட வேண்டும் என்பதுதான் நம் தேவை. அதைச் சில நூறு ஃபெம்டோ செகண்டே நிறைவேற்றிவிடுகிறது. தொழிற்சாலைகளில் ஓடுபவை பெரும்பாலும் அந்த அளவுதான், இட்டெர்பியம் சேர்த்த லேசர்கள், 1030 நானோமீட்டர்.

கிட்டே நிற்பது ஆபத்தா?

கண்ணுக்கு ஆபத்து, சந்தேகமே வேண்டாம். 800 நானோமீட்டர் ஒளி மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், 1030 தெரியவே தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை மூடாது. அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். கைக்கடிகாரம், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும், அவற்றில் பட்டுத் தெறிக்கும் கற்றை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கூடவே, உலோகத்தில் செறிவு மிக அதிகமானால் பிளாஸ்மாவிலிருந்து மென் எக்ஸ் கதிர்கள் வரும், அதற்குத் தனி மறைப்பு வேண்டும். உலோகத் தூசி நானோ அளவில் பறப்பதால் உறிஞ்சும் குழாயை அணைக்கவும் கூடாது. அதன் இரைச்சலைத் தாங்க முடியாமல் ஒரு நாள் நான் அணைத்தேன். மேலே இருந்த லென்ஸ் மாலைக்குள் கறுத்துப்போனது.

இதைப் படிக்க இந்தியாவில் எங்கே போவது?

இயற்பியல், ஒளியியல், இயந்திரவியல், பொருளறிவியல் என்று எந்த வாசல் வழியாகவும் வரலாம். மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், இந்தூரின் ராஜா ராமண்ணா மையம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், ஐஐடிகள் சிலவற்றில் இந்த லேசர்கள் ஓடுகின்றன. சேரும் முன் ஒரு நாள் ஆய்வகத்தில் உட்கார்ந்து பாருங்கள். காலையிலிருந்து மாலை வரை கண்ணாடிகளை நூலளவு திருகிக் கற்றையை நேர்ப்படுத்துவதில் உங்களுக்கு அலுப்புத் தட்டவில்லை என்றால் விண்ணப்பம் போடலாம்.